வீட்டுத் தோட்டத்துக்கு ஏற்றது விதை வெங்காயமே

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வீட்டுத் தோட்டப் பகுதியில் அண்மையில் வெளியான வெங்காய வளர்ப்புக் குறிப்பில், விதை வாங்கி நாற்றங்கால் விட்டு வளர்க்கும் முறை விரிவாகவும், கடையில் வாங்கிய வெங்காயத்தை மண்ணில் புதைத்தாலும் முளைக்கும் என்பது ஒரே வரியிலும் சொல்லப்பட்டிருந்தன. பெரம்பலூர் மாவட்டம் செட்டிகுளம் பக்கத்தில் சின்ன வெங்காயம் பயிரிடும் குடும்பத்தில் பிறந்து, இப்போது திருச்சியில் வீட்டுக் கொல்லையிலும் மாடியிலும் அதையே வளர்த்துவரும் வாசகி என்ற முறையில், அந்த ஒரு வரிதான் விரிவாக எழுதப்பட்டிருக்க வேண்டியது என்று கருதுகிறேன். வீட்டுத் தோட்டத்தில் வெங்காயம் வளர்க்க நினைப்பவர்கள் சின்ன வெங்காயத்தையே, அதுவும் விதை வெங்காயம் ஊன்றியே, அதாவது விதைக்குப் பதிலாக வெங்காயக் காயையே மண்ணில் நட்டே, தொடங்க வேண்டும். அதற்கு நல்ல விதை வெங்காயம் நகரத்து மக்களுக்குச் சிறிய அளவில் கிடைக்க வழி செய்யப்பட வேண்டும். இதைச் சொல்லவே இக்கடிதம்.

வயலில் நிலைமை வேறு என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். சின்ன வெங்காயம் பயிரிட ஒரு ஹெக்டேருக்கு ஏறத்தாழ 1,500 கிலோ விதை வெங்காயம் தேவைப்படுகிறது. அதாவது ஏக்கருக்கு 600 கிலோ. கிலோ 50 ரூபாய் விற்கும் பருவத்தில் ஒரு ஏக்கருக்கு விதைச் செலவு மட்டுமே 30,000 ரூபாய் ஆகிவிடும். அறுவடையின்போது விலை சரிந்தால் அந்த முதலே திரும்பாது. இந்தச் சுமையைக் குறைக்கத்தான் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், பூத்து விதை பிடிக்கக்கூடிய கோ 5 என்ற சின்ன வெங்காய இரகத்தை வெளியிட்டது. அதன் விதை ஹெக்டேருக்கு இரண்டரை கிலோ அளவில் போதுமானது. 1,500 கிலோவுக்கும் இரண்டரை கிலோவுக்கும் உள்ள வேறுபாட்டை உழவர்கள் நன்றாகவே உணர்ந்திருக்கிறார்கள். ஆனால் வீட்டில் ஒரு சதுர மீட்டர் பாத்திக்கு வேண்டியது கால் கிலோ வெங்காயம்தான். உழவருக்குப் பெரும் செலவாக நிற்பது வீட்டாருக்கு ஒரு கைப்பிடிச் செலவு. அந்தக் கைப்பிடிக்கு ஈடாக, நாற்றங்கால் பராமரிப்பில் கழியும் நாற்பது நாற்பத்தைந்து நாட்கள் மிச்சமாகின்றன. தலைமயிர் போன்ற மெல்லிய நாற்றுகள் ஒரு நாள் வெயிலிலோ ஒரு இரவு மழையிலோ சாய்ந்துவிடும் தொல்லை இல்லை. ஊன்றிய ஒரு வாரத்தில் பச்சை கண்ணில் படுகிறது. வெங்காய விதை ஓராண்டு கடந்தாலே முளைப்புத்திறனை வேகமாக இழந்துவிடும் தன்மையுடையது என்பதால், எப்போது பொதியப்பட்டது என்று தெரியாத பொட்டலத்தை நம்பி இறங்குபவர்களில் பலர் முதல் முயற்சியிலேயே மனம் தளர்ந்துவிடுகிறார்கள்.

பெரிய வெங்காயத்தைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. பெல்லாரி வெங்காயம் பொதுவாக விதையிலிருந்தே வளர்க்கப்படுவது. மகாராஷ்டிரம் முதலான மாநிலங்களில் மழைக்காலப் பயிருக்காக, தை மாசி மாதங்களில் விதையை நெருக்கமாக விதைத்து, கோலிக்குண்டு அளவில் காய் திரண்டதும் எடுத்துச் சேமித்து, ஆகஸ்ட் மாதத்தில் அவற்றை மீண்டும் நடும் முறை உண்டு. அத்தகைய சிறு காய்கள் நம் ஊர்க் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. சமையலறையில் முளைத்துவிட்ட முழு அளவுப் பெல்லாரியை நட்டால் வெங்காயத்தாள் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் மார்கழிக் குளிர் பட்டதும் அது பூத்தண்டு விட்டு, தன்னிடம் இருந்த சத்தையெல்லாம் பூவுக்கே கொடுத்துவிடும். காய்க்காக நடுபவர்களுக்கு அது ஏமாற்றமே.

இணையத்தில் அழகிய படங்களுடன் விற்கப்படும் வெளிநாட்டு வெங்காய விதைகளின் சிக்கல் இதைவிட அடிப்படையானது. வெங்காயம் எப்போது காய் பிடிக்க வேண்டும் என்பதைப் பகல் பொழுதின் நீளமே முதன்மையாகத் தீர்மானிக்கிறது. ஐரோப்பா, வட அமெரிக்கா போன்ற குளிர்நாடுகளின் இரகங்களுக்கு 14 முதல் 16 மணி நேரப் பகல் வேண்டும். சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகல்கூட 13 மணி நேரத்தை எட்டுவதில்லை. தெற்கே போகப் போக அது இன்னும் குறைவு. ஆகவே எவ்வளவு எரு இட்டாலும், எவ்வளவு கவனித்தாலும் அந்த இரகங்கள் நம் மாடியில் தாளாகவே நின்று காலத்தைக் கழிக்கும். குறுகிய பகலிலேயே திரளும் நம் சின்ன வெங்காயத்துக்கு இந்தத் தடை இல்லை.

இனி விதை வெங்காயத்தைத் தேர்ந்தெடுப்பது. எல்லாமே இதில்தான் அடங்கியிருக்கிறது என்பதால் சற்று விரிவாக எழுத அனுமதிக்க வேண்டுகிறேன்.

அறுவடையான வெங்காயம் உடனே முளைக்காது. அதற்கு ஓர் உறக்க காலம் உண்டு. வயலிலிருந்து வந்து ஒன்றிரண்டு மாதங்களாவது காற்றோட்டமான இடத்தில் கிடந்த காய்தான் ஊன்றத் தகுந்தது. சந்தையில் 'புதுக் காய்' என்று விற்கப்படுவது பளபளப்பாகவும் ஈரப்பசையோடும் எடை கூடியும் இருக்கும். சமையலுக்கு அது நல்லது. ஊன்றினால் முளைக்கத் தாமதமாகி, அந்த இடைவெளியில் மண்ணின் ஈரத்தில் அழுகிவிடும். வீட்டில் ஊன்றிய வெங்காயம் அழுகிப் போயிற்று என்று சொல்பவர்களை விசாரித்தால், பெரும்பாலும் புதுக் காயை ஊன்றியிருப்பார்கள். 'பழைய காய்' என்று கேட்டு வாங்க வேண்டும். அதன் மேல்தோல் காகிதம்போல் உலர்ந்து, கையில் அள்ளினால் சலசலக்கும். கழுத்து இறுகி மூடியிருக்கும். விரலால் அழுத்தினால் உள்வாங்காது. அடிப்பகுதியில் பழைய வேர் காய்ந்து குச்சம்போல் ஒட்டியிருக்கும் இடத்தைச் சுற்றிப் புது வேர்கள் வெண்புள்ளிகளாகத் தலைகாட்டத் தொடங்கியிருந்தால், அந்தக் காய் தயாராகிவிட்டது என்று பொருள்.

வாங்கியவற்றில் நடுத்தரக் காய் ஒன்றை எடுத்துக் குறுக்காக வெட்டிப் பார்க்குமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். பெல்லாரியைப்போல ஒரே மையத்தைச் சுற்றிய வளையங்களாக அது இருக்காது. ஒரே தோலுக்குள் இரண்டு மூன்று மையங்கள், ஒவ்வொன்றும் தனக்கென வளையங்களோடு, ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு தெரியும். அந்த மையம் ஒவ்வொன்றும் ஒரு மொட்டு. ஊன்றிய பிறகு அவை தனித்தனியே தாள் விட்டு, வளர வளர மேலும் பிரிந்து, ஒரு காய் இருந்த இடத்தில் ஐந்தாறு காய்களைக் கொண்ட கொத்தாக ஆகின்றன. மிகச் சிறிய காயில் மொட்டு ஒன்றிரண்டே இருக்கும் என்பதால் கொத்தும் சிறுத்துப் போகும். மிகப் பெரிய காயை ஊன்றினால் எண்ணிக்கை கூடலாம். ஆனால் நெருக்கத்தால் காய்கள் சிறுத்துவிடும், பணமும் வீண். எனவே நடுத்தர அளவே நல்லது. வளைந்தது, தோல் உரிந்தது, கரும்பூசணம் படிந்தது, இரட்டைக் காயில் ஒன்று மென்மையானது ஆகியவற்றையெல்லாம் தயங்காமல் சமையலறைக்கு அனுப்பிவிட வேண்டும்.

விதை வெங்காயத்தோடு நோயும் வந்துசேரும் என்பது இம்முறையின் உண்மையான குறைபாடு. அதை மறைப்பதில் பயனில்லை. அடியழுகல் நோயின் பூசணம் காயிலும் மண்ணிலும் தங்கி அடுத்த பயிருக்குத் தொடர்கிறது. இதற்கு ஊன்றுவதற்கு முன் டிரைக்கோடெர்மா விரிடி, சூடோமோனாஸ் ஆகிய நன்மை செய்யும் நுண்ணுயிர்த் தூள்கள் இரண்டையும் கிலோவுக்குத் தலா 5 கிராம் வீதம் காயின் மேல் படும்படி புரட்டி, சிறிது நேரம் நிழலில் வைத்திருந்து பயன்படுத்த வேண்டும். கால் கிலோவுக்கு இது ஒரு சிட்டிகைக்குச் சற்று அதிகம், அவ்வளவே. அதோடு, வெங்காயம் எடுத்த பையிலோ பாத்தியிலோ அடுத்த முறையும் வெங்காயமே ஊன்றாமல், இடையில் கீரையோ வெண்டையோ வேறு பயிரோ செய்து எடுப்பது அவசியம்.

வெங்காயத்தின் வேர் ஆழமாகச் செல்வதில்லை என்பது மாடித் தோட்டக்காரர்களுக்குப் பெரிய வசதி. முக்கால் அடி ஆழமுள்ள அகன்ற தொட்டியே போதும். உயரமான பைகளில் மண்ணை நிரப்பிக் கூரைமீது பாரம் ஏற்ற வேண்டியதில்லை. செம்மண்ணோடு நன்றாக மக்கிய தொழுவுரமும் தென்னை நார்க் கழிவும் கலந்து, நீர் தேங்காமல் வடியும்படி செய்துகொண்டால் போதுமானது. மக்காத சாணத்தை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் சேர்க்கக் கூடாது. அது அழுகலை வரவழைக்கும். நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் கிடைக்காத இடத்தில் தாள் வளரும், காய் திரளாது.

ஊன்றும்போது, காயின் வேர் விடும் பகுதி கீழ்நோக்கி இருக்க, முக்கால் பாகம் மண்ணுக்குள்ளும் நுனி வெளியிலும் தெரியும்படி வைக்க வேண்டும். காயைப் பிடித்து இறுகிய மண்ணில் அழுத்தித் திணிப்பதுதான் புதிதாகத் தொடங்குபவர்கள் பலர் செய்வது. அப்படிச் செய்தால் வேர் விடும் பகுதி நசுங்கும். தப்பியவையும் வேர் கீழிறங்க முடியாமல் தம்மையே மேலே தள்ளிக்கொண்டு மண்ணுக்கு வெளியே வந்து கிடக்கும். குச்சியால் குழி இட்டு, காயை வைத்து, சுற்றிலும் மண்ணை மெல்ல அணைத்தால் இந்தச் சிக்கலே எழாது. காய்க்குக் காய் நான்கு விரற்கடை, வரிசைக்கு வரிசை அரை அடி இடைவெளி இருக்கட்டும். தனிப் பாத்திக்கு இடமில்லாதவர்கள் கத்தரி, மிளகாய்ச் செடிகளைச் சுற்றி ஓரமாக ஊன்றலாம். எங்கள் மாவட்டத்தில் பருத்திக்கு ஊடாகவும், ஈரோட்டுப் பக்கம் மஞ்சளுக்கு ஊடாகவும் வெங்காயம் போடுவது இந்தக் கணக்கில்தான். பெரிய பயிர் கிளை பரப்புவதற்குள் எழுபது நாளில் வெங்காயம் வெளியேறிவிடும்.

ஊன்றிய அன்று ஒரு தண்ணீர், மூன்றாம் நாள் உயிர்த் தண்ணீர், அதன் பிறகு மண் காயக் காய மட்டும் தண்ணீர் என்பதே முறை. மாடித் தொட்டிகள் விரைவில் காயும் என்பதால் கோடையில் நாள்தோறும் சிறிதளவு தேவைப்படலாம். தழைச்சத்து தரும் எருவோ கரைசலோ எதுவானாலும் முதல் முப்பத்தைந்து நாற்பது நாட்களுக்குள் கொடுத்து முடித்துவிட வேண்டும். அதற்குப் பிறகும் கொடுத்துக்கொண்டே இருந்தால் தாள் கருகருவென்று செழித்து நிற்கும். ஆனால் கழுத்து தடித்து, காய் இறுகாமல், எடுத்த பிறகு இரண்டு வாரம்கூடத் தாங்காது. தாளுக்காகப் பறிப்பதிலும் ஓர் எச்சரிக்கை வேண்டும். காயைத் திரட்டுவது தாள்தான். எல்லாச் செடியிலும் கிள்ளிக்கொண்டே இருந்துவிட்டுக் காய் சிறுத்துவிட்டது என்று வருந்துவதைவிட, பொரியலுக்கும் முட்டைக்கும் வேண்டிய தாளுக்கென ஒரு வரிசையைத் தனியே ஒதுக்கிவிடுவது நல்லது; அந்த வரிசையை இன்னும் நெருக்கமாகவே ஊன்றலாம்.

பருவத்தைப் பொறுத்தவரை சித்திரை வைகாசியும் ஐப்பசியும் வயலுக்குச் சொல்லப்படும் பட்டங்கள். வடகிழக்குப் பருவமழை கனத்துப் பெய்யும் இடங்களில், ஐப்பசியில் மாடியில் ஊன்றியதைக் காப்பாற்றுவது கடினம். மழையும் மூட்டமும் நீடித்தால் தாள் சுருண்டு முறுக்கிக்கொள்ளும் திருகல் நோயும், ஊதா நிறப் புள்ளிகளோடு தாள் ஒடிந்து தொங்கும் இலைப்புள்ளி நோயும் ஒரே வாரத்தில் பாத்தி முழுவதும் பரவிவிடும். எனவே மழை ஓய்ந்த மார்கழியிலோ தையிலோ ஊன்றி, பங்குனியில் எடுப்பதே நகரத்து வீடுகளுக்கு ஏற்றது என்பது என் துணிபு. அப்போது எடுக்கும் காய் வெயிலில் நன்றாக முற்றி இறுகியிருப்பதால் நீண்ட நாள் கெடாமல் இருக்கும். அதிலிருந்தே ஆடிக்கும் ஆவணிக்கும் விதை வைத்துக்கொள்ளலாம். வறண்ட நாட்களில் வரும் தொல்லை இலைப்பேன். தாளின் இடுக்கைப் பிரித்துப் பார்த்தால் மஞ்சள் இழைபோல் ஊர்ந்துகொண்டிருக்கும். சுரண்டப்பட்ட இடங்கள் வெள்ளிக் கீற்றாக மின்னும். பிறகு நுனி கருகும். மாலை வேளையில் தாளின் இடுக்குகள் நனையும்படி தண்ணீரைப் பீய்ச்சுவதும், லிட்டருக்கு 3 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலோடு கலந்து தெளிப்பதும் வீட்டளவில் போதுமானவை.

ஊன்றி 65, 70 நாட்களில் தாள் மஞ்சளாகிக் கழுத்தருகே தானாகவே சாயத் தொடங்கும். பத்து நாட்களுக்கு முன்பே தண்ணீரை நிறுத்தியிருக்க வேண்டும். பிடுங்கியதும் பலர் செய்வது தாளை உடனே அறுத்து, காயைக் கழுவி, வெயிலில் பரப்புவது. இந்த மூன்றுமே காயைக் கெடுப்பவை. பிடுங்கிய கொத்துகளை மண்ணை உதிர்த்துவிட்டு, தாளோடு, ஒரு கொத்தின் தாள் அடுத்த கொத்தின் காயை மூடுமாறு வரிசையாக நிழலில் கிடத்த வேண்டும். நான்கைந்து நாட்களில் தாளிலுள்ள சாறு வற்றி, கழுத்து சுருங்கி மூடிக்கொள்ளும். அதன் பிறகு ஒரு விரல் அகலத்துக்குக் கழுத்தை விட்டு அறுக்கலாம். கழுத்து மூடாத காயின் வழியாகத்தான் அழுகல் உள்ளே இறங்குகிறது. இந்த நான்கைந்து நாள் பொறுமையைவிடச் சிறந்த மருந்து வெங்காயத்துக்குக் கிடையாது.

எங்கள் ஊர்ப் பக்கத்து வெங்காயப் பட்டறையைப் பார்த்தவர்களுக்கு, சேமிப்பு என்பது காற்றைக் கையாளும் கலை என்பது விளங்கும். தரையில் கல் அடுக்கி, அதன்மேல் கழிகளைப் பரப்பி, இருபுறமும் படல் நிறுத்தி, மேலே கீற்று வேய்ந்த அந்த அமைப்பு நீளமாக இருக்கும்; ஆனால் அகலம் குறைவாகவே இருக்கும். உள்ளே கிடக்கும் எந்தக் காய்க்கும் காற்று எட்ட வேண்டும் என்பதற்காகவே அந்தக் குறுகிய அகலம். வீட்டில் அதே நோக்கத்துக்கு, தாளை அறுக்காமல் கொத்துகளைச் சேர்த்துக் கட்டி, மழைச் சாரல் படாத தாழ்வாரத்தில் தொங்கவிட்டால் போதும். பிளாஸ்டிக் பையும் மூடிய டப்பாவும் குளிர்பதனப் பெட்டியும் விதைக்கு ஆகாதவை. தொங்கும் கொத்துகளை அவ்வப்போது தொட்டுப் பார்த்து, மென்மையானதை அன்றே எடுத்துவிட வேண்டும்.

வயலில் ஊன்றியதற்கு எட்டு மடங்கு விளைச்சல் எடுப்பவர்கள் உண்டு. வீட்டுப் பாத்தியில் ஐந்து மடங்கு கிடைத்தாலே நிறைவு. அதாவது ஒரு சதுர மீட்டரில் ஒன்றேகால் கிலோ. ஒரு குடும்பத்தின் ஆண்டுத் தேவையை இது ஈடுசெய்யும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் 2019ஆம் ஆண்டு டிசம்பரில் பெரிய வெங்காயம் கிலோ 100 ரூபாயைத் தாண்டி, சின்ன வெங்காயம் அதையும் விஞ்சி, எகிப்து வெங்காயம் நம் சந்தைகளுக்கு வந்திறங்கிய நாட்களை நினைத்துப் பார்க்கும்போது, நான்கு தொட்டியும் ஒரு கட்டு விதைக் கொத்தும் வைத்திருந்த வீடுகளுக்குத் தாளிப்புக்கேனும் குறைவில்லை என்பதை மறுக்க முடியாது. அதைவிட முக்கியமாக, ஒருமுறை நல்ல விதை வெங்காயம் கைக்கு வந்துவிட்டால், அடுத்த பருவத்துக்கு யாரிடமும் விதை வாங்க வேண்டியதில்லை. கலப்பின விதையில் வளர்ந்த தக்காளியிலும் வெண்டையிலும் இப்படி விதை எடுத்து அதே பயிரைத் திரும்பப் பெற இயலாது.

இந்த நிலையில் தங்கள் நாளிதழின் வாயிலாகத் தோட்டக்கலைத் துறைக்கு ஒரு வேண்டுகோளை முன்வைக்க விரும்புகிறேன். 2013ஆம் ஆண்டு வாக்கில் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் தொடங்கி, பின்னர் பிற நகரங்களுக்கும் வந்த மாடித் தோட்டத் தளைகளில், அதாவது தோட்டம் தொடங்க வேண்டிய பொருள்களின் தொகுப்புகளில், செடி வளர்க்கும் பைகள், தென்னை நார்க் கழிவு, உயிர் உரங்கள் ஆகியவற்றோடு கத்தரி, வெண்டை, மிளகாய், தக்காளி, கீரை போன்றவற்றின் விதைகளே பெரும்பாலும் தரப்படுகின்றன. வெங்காயம் அதில் இடம்பெறாததன் காரணம் புரிகிறது: விதையைப்போல அதைப் பொட்டலத்தில் அடைத்து மாதக்கணக்கில் கிடங்கில் வைத்திருக்க முடியாது. ஆகவே தளையோடு சேர்க்க வேண்டாம். அதற்கு மாறாக, ஊன்றும் பருவத்துக்குச் சற்று முன்பாக, உழவர் சந்தைகளில் தரம் பிரித்த பழைய காயைக் கால் கிலோ, அரை கிலோ வலைப்பைகளில் விற்க ஏற்பாடு செய்யலாம். 1999இல் மதுரையில் முதல் உழவர் சந்தை தொடங்கிய காலத்திலிருந்தே, விளைவித்தவரும் வாங்குபவரும் நேரில் பேசிக்கொள்ளும் இடமாக அவை இருக்கின்றன. எந்த மாதம் அறுத்தது, எத்தனை நாள் பட்டறையில் கிடந்தது, எந்த நோய் கண்டது என்பவற்றை விற்பவரிடமே கேட்டு வாங்க அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. பெரம்பலூர், திருச்சி, நாமக்கல், திண்டுக்கல், திருப்பூர் மாவட்டங்களில் பட்டறையில் விதை வைத்திருக்கும் சிறு உழவர்களுக்கும், மொத்த வியாபாரி சொல்லும் விலைக்கு அப்பால் ஒரு நியாயமான விலை இதனால் கிடைக்கும். பையின் மேல் அறுவடை மாதமும் இரகத்தின் பெயரும் அச்சிட்ட ஒரு சீட்டு இருந்தால் போதும். வேறு விளம்பரம் தேவையில்லை.

தங்கள் வீட்டுத் தோட்டப் பகுதிக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. மாவட்டந்தோறும் மழை மாறுபடுவதால் ஊன்றும் மாதமும் மாறுபடுகிறது. கார்த்திகை மாதத்துக்குள், ஒவ்வொரு மாவட்டத்துக்கும் தைப்பட்டத்தில் ஊன்றத் தகுந்த வாரங்களையும், அங்கே பழைய காய் எப்போது, எங்கே கிடைக்கும் என்பதையும் தோட்டக்கலை அலுவலர்களிடம் கேட்டுப் பட்டியலாக வெளியிட்டால், புதிதாகத் தொடங்குபவர்கள் புதுக் காயை ஊன்றி ஏமாறாமல் இருப்பார்கள். அந்தப் பட்டியலைத் தொகுப்பதற்கு எங்கள் பகுதி உழவர்களிடமிருந்து வேண்டிய விவரங்களைத் திரட்டித்தர நான் அணியமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகி,
திருச்சிராப்பள்ளி.